ஜெயபிரியா போடாத கையெழுத்து

ஜெயபிரியாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று தென்காசியில் ஒரு பேச்சு உண்டு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்து, சூப்பர்வைசர் லைசென்ஸ் வாங்கி, சொந்தப் பெயரில் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. கிளப்பிவிட்டவர் ஞானதுரை அண்ணாச்சி. பஜாரில் பலசரக்கு மொத்த வியாபாரம். கல்லாவில் உட்கார்ந்து மிளகாய் வத்தலை மோந்து பார்த்துக்கொண்டே சொல்லுவார்.

"அதாவது… அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். வயரு தெரியும், பைப்பு தெரியும். பேனாவ மட்டும் கையில குடுத்துராதிய. வெரலு வெறச்சுப் போவும்."

அவர் எது சொன்னாலும் 'அதாவது' என்றுதான் தொடங்குவார். அதற்கு முன்னால் ஒரு செருமல். செருமலுக்கும் அதாவதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு பொய் வெந்து இறங்கிவிடும்.

ஜெயபிரியா குத்துக்கல்வலசைக்காரி. பெரியப்பா போலீஸ், சித்தப்பா பட்டாளம், அண்ணனும் போலீஸ். அந்த வீட்டில் ஒருத்தர் கனைத்தால் மற்றவர்கள் விறைத்து நிற்பார்கள். இவள் மட்டும் சின்ன வயதிலிருந்தே "எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டு நின்றவள். படிப்பு முடிந்ததும் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். புது வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து எழுத வேண்டும். அவர் அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே அளந்தார்.

"போன வீட்டுக்கு எவ்வளவும்மா போட்டோம்?"

"ஒரு ஓம் சார்."

"இதுக்கும் ஒண்ணே போடு. அடுத்த தெருதான, ஒரே மண்ணுதான்."

"எர்த் குழி எங்க சார் இருக்கு?"

காண்ட்ராக்டர் வடையைச் சட்னியில் முக்கினார். "குழியா? அது அடுத்த மாசம் தோண்டுவாவ."

ஜெயபிரியா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் வேலைக்குச் சேரவில்லை.

சாரல் நிலையத்து வேலை அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், அவள் பிறப்பதற்கு முன்னாலேயே கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு அது. ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் அறை. குடியிருந்தவர்களுக்கு முட்டி தேய்ந்ததும் லிஃப்ட் ஆசை வந்தது. லிஃப்டுக்கு த்ரீ பேஸ் வேண்டும். அதற்குப் பழைய வயரிங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு இன்றைய விதிப்படி புதிதாகப் போட வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் சோதித்துப் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கரண்ட் ஆபீஸில் இணைப்புக் கொடுப்பார்கள். ஆக, ஜெயபிரியாவின் கையெழுத்து இருந்தால் லிஃப்ட் உண்டு, இல்லாவிட்டால் முட்டிவலிதான்.

அந்த லிஃப்டுக்காக அதிகம் ஏங்கியவள் இரண்டாம் மாடி ஆவுடையம்மாள் ஆச்சி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பள்ளிக்கூடத்தையே ஒரே அதட்டலில் பந்தியில் உட்கார வைத்த தொண்டை. இரண்டாம் மாடியில் நின்று அவள் "ஏட்டி" என்றால் கீழே ரோட்டில் போகிற எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மே மாதத்தில் ஜெயபிரியா முதன்முதலாக மீட்டர் அறையைத் திறந்தாள். உள்ளே மீட்டர்களைவிடக் கயிறுகள் அதிகமாக இருந்தன. சுவருக்குச் சுவர் கொடி. பின்னாலேயே ஆச்சியின் குரல் வந்து, பிறகு ஆச்சி வந்தாள்.

"ஏட்டி, கயித்த மட்டும் அவுத்துராத!"

"என்ன ஆச்சி, இது மீட்டர் ரூமா, ஜவுளிக்கடையா?"

"ஒனக்கு என்ன தெரியும், நீ குத்துக்கல்வலசைக்காரி. சாரல் விழுந்துட்டா இங்கன ஒரு கைக்குட்ட காயாது. பாவாடையெல்லாம் பூஞ்சக்காளான் பிடிச்சுப் போவும். இந்த ரூமு மட்டும் தன்னால சூடாவும் பாத்துக்கோ. சாரல் வந்ததும் சூடும் வந்துரும். குற்றாலநாதர் கிருப."

"இப்ப சூடா இல்லியே?"

"மே மாச வெயிலுக்கு எதுக்குட்டி சூடு? அவருக்குத் தெரியாதா எப்பத் தரணும்னு?"

ஜெயபிரியாவோடு வேலை செய்கிற வயர்மேன் நாறும்பூநாதன் வயதில் மூத்தவர். பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணி எண்ணித்தான் கொடுப்பார். ஆச்சி போனதும் ஒரு வரி கொடுத்தார்.

"குற்றாலநாதர் எத்தன ஆம்பியர்னு பாத்துருவோம்."

பழைய மரப்பலகைகளைக் கழற்றினார்கள். வீட்டுக்கு வீடு டிரிப் சுவிட்ச் வைத்தார்கள். எர்த்துக்குக் குழி நிஜமாகவே தோண்டினார்கள். ஜெயபிரியா அதற்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் மாற்றிய பிறகு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பொதுப் பலகையிலிருந்து பிளாஸ்டிக் பைப்புக்குள் நுழைந்து மேலே போகிற ஒரு பழைய அலுமினிய வயர். அதன் பீஸ் கட்டையை உருவிப் பார்த்தால், மெல்லிய பீஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைத் தடிமனாக முறுக்கி வைத்திருந்தார்கள். எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் உருகாது. பீஸ் கம்பி இருப்பதே உருகத்தான்.

அங்கேயே குடியிருந்த ஞானதுரை அண்ணாச்சிதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செருமினார். "அதாவது… அது மாடியில ஒரு பல்பு. அதத் தொட வேண்டாம். கடைசில பாத்துக்கிடலாம்."

கடைசி வந்தது, கூடவே சாரலும் வந்தது. மேற்கே மலையைக் காணவில்லை. ரோட்டில் வேன்வேனாகத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஆட்கள். சாரல் நிலையத்து மீட்டர் அறை சொல்லி வைத்தாற்போல வெதுவெதுப்பானது. ஜெயபிரியா வந்து கதவைத் திறந்தால் புது டிரிப் சுவிட்சுகளுக்கு மேல் சேலைகள், வேட்டிகள், ஒரு பள்ளிக்கூடச் சீருடை. எல்லாக் கொடியும் நிறைந்துவிட்டது.

அடுத்த வீட்டு ஜுஹைனா வாசலில் நின்றாள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மீட்டர் அறைச் சுவரும் அவள் வீட்டுச் சுவரும் ஒன்று.

"எங்க பூனைய வந்து பாரு ஜெயா. சாரல் வந்துட்டா அந்தச் செவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் தூங்கும். ஹீட்டர் வச்ச பூன ஊருலயே எங்க பூனதான்."

ஜெயபிரியா டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மேலே போகிற அந்தப் பைப்பில் கை வைத்தாள். வைத்த கையை உதறினாள். பைப்பை ஒட்டி ஆச்சியின் பருத்திச் சேலை சுகமாக உலர்ந்துகொண்டிருந்தது.

பைப் போன வழியே படியேறினாள். மொட்டை மாடிக் கதவில் பூட்டு. சாவி அண்ணாச்சியிடம். அவர் கடையிலிருந்து வந்து, செருமி, திறந்தார்.

முன்பு எல்லா வீட்டுத் துணியும் காய்ந்த மாடி அது. பாதிக்கு மேல் தகரம் போட்டு அப்போதே கொடி கட்டியிருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் அண்ணாச்சி தண்ணீர்த் தொட்டி பழுது பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, தகரத்துக்குக் கீழே தடுப்பு வைத்து, தடுப்புக்குள் கட்டில் போட்டு, சீசனுக்கு ஆள் தங்கவிட ஆரம்பித்தார். பெண்கள் முணுமுணுத்தபோது, "அதாவது, கீழ மீட்டர் ரூமு நல்லா சூடா கெடக்கு, அங்கன போடுங்களேன்" என்று தானே கயிறும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணாச்சி தங்கமான மனுஷர். அந்த அறைகள் கட்டட வரைபடத்திலும் இல்லை, எந்த அனுமதியிலும் இல்லை.

குளிக்கிற இடத்தில் வரிசையாக மூன்று கீசர்கள்.

"ஒரு பல்புன்னிய?"

"அதாவது… பல்பும் இருக்கு."

"அருவியில குளிக்க வந்தவனுக்கு எதுக்கு அண்ணாச்சி வெந்நி?"

"அதாவது, அருவியில குளிச்சா குளுரும்லா? அந்தக் குளுர் போவ வெந்நியில குளிப்பான்."

ஜெயபிரியா சிரிக்கவில்லை. "மூணு கீசரயும் அந்த நைஞ்சு போன வயருல இழுக்கிய. அது கொதிக்கு. கொதிக்க பைப்பு மேல வீட்டுக்கு வீடு துணி. அங்கன தீப்பிடிச்சா பொக எங்க போவும்? படிக்கட்டு வழியா மேலதான் வரும். கீழ எறங்க முடியாது. மாடிக்கு ஓடி வந்தா நீங்க பூட்டி வச்சிருக்கிய. இத்தன வீட்டு ஆளும் எங்க போவாவ, அண்ணாச்சி? சொல்லுங்க."

அண்ணாச்சி செருமினார். அதாவது வரவில்லை.

"இந்த லைன் போணும், இந்தத் தடுப்பு போணும், இந்தப் பூட்டு போணும். அதுக்குப் பொறவுதான் என் கையெழுத்து."

கீழே இறங்கி பீஸ் கட்டையை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அறை சில்லிட்டது. துணிகள் நனைந்தது நனைந்தபடி தொங்கின. வண்டி நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம் கூடியது. அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"அதாவது… பழைய வயரு இருந்த வரைக்கும் ரூமு சூடா இருந்துச்சு. இந்தப் பிள்ள வந்து புதுசு போட்டுச்சு. இப்ப எல்லாரு துணியும் நாறுது. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே பாத்துக்கிடுங்க."

"இருந்த சூட்டயும் பிடுங்கிட்டியேட்டி!" ஆச்சியின் தொண்டை திறந்துவிட்டது. "ஏம் பேத்திக்கு யூனிபார்ம் இல்ல. ஈரத்தோடயா பள்ளிக்கூடம் போவா?"

"ஆச்சி, அந்தச் சூடு வயரு வேவுத சூடு. மேல கீசரு ஓடுனா கீழ கொதிக்கு."

"இத்தன வருசமா வேவாத வயரு நீ வந்ததும் வெந்துட்டோ?"

"பாத்தியளா," என்றார் அண்ணாச்சி, "தன் தப்ப மறைக்க எம்மேல போடுதா. நான் கயிறு வாங்கிக் குடுத்தவன். செங்கோட்டையில ஒரு ஆளு இருக்காரு. கட்டடத்த வந்து பாக்கக்கூட மாட்டாரு. போட்டோவ அனுப்புனா கையெழுத்து வந்துரும். நாளைக்கே வரச் சொல்லுவோமா?"

"வரச் சொல்லுவோம்" என்று நாலைந்து குரல்கள்.

ஜெயபிரியா எழுந்தாள். முதல் பெரிய வேலை. இது கையை விட்டுப் போனால் ஊரில் அடுத்த வேலை தருகிறவன் இருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். அவளைவிட அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும்.

"வரச் சொல்லுங்க. ஆனா இந்த வேல எம் பேருல பதிஞ்சிருக்கு. நான் கரண்ட் ஆபீஸ்ல போயி, இன்னின்ன காரணத்தால கையெழுத்துப் போடலன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வெலகுவேன். அப்ப அந்தப் போட்டோக்காரரு எப்படிப் போடுதாருன்னு நானும் பாக்கேன்."

"மெரட்டுதியா?"

"ஆமா அண்ணாச்சி. மெரட்டுதேன்."

கூட்டம் கலைந்தது. மறுநாள் காலையில் ஜுஹைனா போன் செய்தாள். பின்னணியில் தையல் மெஷின் ஓடவில்லை.

"ஜெயா, அண்ணாச்சி யாரையோ கூட்டிட்டு வந்து பீஸ் கட்டைய திரும்ப மாட்டிட்டாரு. ரூமு சூடா இருக்கு, எல்லாரும் துணிய கொண்டுபோய்ப் போடுதாவ. செவரு எப்பயும்போல இல்ல, கொதிக்கு. பூன எந்திச்சுப் போயிட்டு. கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் வரமாட்டக்கு."

ஜெயபிரியா வந்தபோது ஆச்சி மீட்டர் அறையில் நின்று பேத்தியின் சீருடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஜெயபிரியா எதையும் உருவவில்லை. நாறும்பூநாதன் தீயணைக்கிற சிலிண்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அவள் எல்லாத் துணியையும் வாரி ஒரு தொட்டியில் போட்டாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பைப்பின் பக்கத்தில் போட்டாள்.

"ஆச்சி, உக்காருங்க. நான் சொன்னது பொய்யின்னா எம் லைசென்ஸ இங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருதேன்."

"நெசம்னா?"

"நெசம்னா நீங்க மாடிக்கு வரணும்."

"முட்டிய வச்சிக்கிட்டா? போடி இவளே." சொன்னாலும் உட்கார்ந்தாள். பந்தயம் என்றால் ஆச்சிக்கு விட மனசு வராது.

ஜெயபிரியா முதலில் டெஸ்டரால் பைப்பைத் தொட்டுப் பார்த்து, பிறகு ஆச்சியின் விரலை அதில் வைத்தாள். "ஆத்தாடி" என்று ஆச்சி விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். ஆள் தங்கியிருந்ததால் மாடிக் கதவு அன்று திறந்திருந்தது. ஜுஹைனா மேலே போய், தங்கியிருந்தவர்களிடம் சொல்லி மூன்று கீசரையும் நிறுத்தினாள். ஆச்சி சும்மா உட்காரத் தெரியாமல் வடகரைச் சம்பந்தி வீட்டுக் கதையை ஆரம்பித்தாள். கதையில் சீர்வரிசை வந்து இறங்குவதற்குள் பைப் ஆறிவிட்டது. ஆச்சி கதையை நிறுத்தி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெறும் பைப்.

"போடச் சொல்லுங்கக்கா!" என்று ஜெயபிரியா மேல்நோக்கிக் கத்தினாள்.

கீசர்கள் ஓடின. ஆச்சி கையை எடுக்கவில்லை. கதையும் சொல்லவில்லை. கை மெதுவாகச் சூட்டை வாங்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பு, பிறகு சூடு, பிறகு பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டாள். நாறும்பூநாதன் பீஸ் கட்டையை உருவினார்.

"ஏட்டி," என்றாள் ஆச்சி. அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்ன ஏட்டி அதுவரை வந்ததில்லை. "அப்போ குற்றாலநாதர் இல்லியா?"

"அவரு அருவிக்கரையில இருக்காரு ஆச்சி. இங்கன இருக்கது ஞானதுரை அண்ணாச்சி."

ஆச்சி தொட்டியில் கிடந்த சீருடையை எடுத்துப் பார்த்தாள். அதன் ஓரம் சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. காலையிலிருந்து அது பைப்பின் மேல்தான் கிடந்தது. பிறகு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எம் மாடிய எடுத்துக்கிட்டான். அந்த மாடியில வெந்நி போட்டான். அந்த வெந்நிச் சூட்டுல என்னயத் துணி காயப் போட வச்சான். அதுக்கு நான் அவன நல்லவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்!" இப்போது பழைய தொண்டை திரும்பிவிட்டது. "ஏட்டி எல்லாரும் வெளிய வாங்கட்டி! ஈரத்துணிய எடுத்துக்கிட்டு வாங்க!"

சத்துணவுப் பந்தி மாதிரியே எல்லாரும் வந்தார்கள். ஆச்சி முன்னால் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை ஒருதடவையும் ஞானதுரையை ஒருதடவையும் இழுத்தாள். ஜெயபிரியா தோளைக் கொடுத்தபோது தட்டிவிட்டாள். "நவுரு. நானே ஏறுவேன்."

மாடியில் இடுப்பில் துண்டோடு ஒருவர் தலையில் எண்ணெய் வழிய நின்றார். எந்த ஊரோ பாவம். ஆச்சி அவர் கட்டிலில் தன் சேலையை நீளமாக விரித்தாள். கீசர் குழாயில் பேத்தியின் சீருடை. கதவில் ஒரு வேட்டி. அவர் பெட்டியின் மேல் யாரோ ஒரு பாவாடையைப் போட்டார்கள். கைப்பிடிச் சுவரில் அந்தக் காலத்தில் ஆச்சி ஆள்வைத்து அடித்த கொடிக் கொக்கிகள் துருப்பிடித்து இன்னமும் இருந்தன. ஆச்சி அவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். செருமினார்.

"அதாவது—"

"அதாவதும் வேண்டாம், இதாவதும் வேண்டாம். சாவியக் குடு."

"ஆச்சி, யோசிச்சுப் பாருங்க. ஒங்க முட்டிக்குத்தான லிஃப்டே. இந்தப் பிள்ளய நம்புனா கையெழுத்தும் வராது, லிஃப்டும் வராது."

"வராட்டா போட்டும்லே. இப்ப எதுல வந்தேன்? ஒன் லிஃப்டுலயா வந்தேன்? குடு சாவிய."

கொடுத்தார். ஆச்சி கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றி, சாவியோடு சேர்த்து முந்தியில் முடிந்துகொண்டாள். பிறகு அவள் போய் உட்கார்ந்த கட்டிலை அன்று யாராலும் காலி செய்ய முடியவில்லை. வந்தவர்கள் வேறு லாட்ஜ் தேடிப் போனார்கள்.

அந்த வாரத்திலேயே தடுப்புகள் இறங்கின. பழைய தகரத்தையும் ஜெயபிரியா விடவில்லை. அதற்கும் அனுமதி இல்லையே. "தகரம் இல்லன்னா சாரல்ல எங்க காயப் போட?" என்று ஆச்சி மல்லுக்கு நின்றாள். "அனுமதி கேட்டு முறையாப் போடுங்க. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள ஃபேனுக்குக் கீழ போடுங்க" என்றாள் இவள். இரண்டு பேரும் தெருவரை கேட்கும்படி சண்டை போட்டார்கள். தகரம் இறங்கியது. விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

கையெழுத்துப் போடுகிற நாளன்று ஜெயபிரியா எல்லாவற்றையும் மறுபடி சோதித்தாள். மாடிக் கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்த்தாள். கடைசியில் மீட்டர் அறையைத் திறந்தாள். ஒரு மூலையில் யாரோ பழைய ஞாபகத்தில் மாட்டிவிட்டுப் போன ஒற்றை ரவிக்கை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"ஏட்டி, ஒரே ஒரு ரவிக்கைக்கா!"

"ஒங்களுதா ஆச்சி?"

ஆச்சி ரவிக்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இப்பப் போடு" என்றாள். ஜெயபிரியா பைப்புகள் எல்லாவற்றிலும் கையை வைத்துக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தன. மீட்டர் பெட்டியின் மேல் ரிப்போர்ட்டை வைக்காமல், வெளியே வந்து ஜுஹைனாவின் தையல் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

எட்டிப் பார்த்தாள் ஆச்சி. "இந்தா கெடக்க சின்னக் கையெழுத்துக்கா இந்தப் பாடு படுத்துன?"

இப்போது லிஃப்ட் ஓடுகிறது. அண்ணாச்சியும் அதில்தான் போகிறார், ஆச்சி உள்ளே இல்லாத நேரமாகப் பார்த்து. கடைக்குப் போனதும் செருமல், அதாவது, பேனா, வெறச்சுப்போகிற விரல். அந்தப் பேச்சால் ஜெயபிரியாவுக்குப் போன வேலைகள் உண்டு. வந்தவையும் கொஞ்சம் உண்டு. ஆனால் போனவைதான் அதிகம். அவள் அதை மறைப்பதில்லை.

போன வாரம் செங்கோட்டையிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் போனில் கேட்டார். "நீங்க கையெழுத்துப் போட மாட்டியளாமே? ஊருல எல்லாரும் சொல்லுதாவளே, நெசந்தானா?"

"நெசந்தான்," என்றாள் ஜெயபிரியா. "போட மாட்டேன். ஒங்க மாடிக்கதவு பூட்டியிருக்கா, தெறந்திருக்கா? அத மொதல்ல சொல்லுங்க."